கால் அளந்த அக்கா

“ஆளைக் கொண்டு வாங்க.”

கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அக்கா சொன்னது இவ்வளவுதான். பெற்றோலுக்காக இரண்டு நாள், மூன்று நாள் என்று சனம் வரிசையில் கிடந்த காலம் அது. துருப்பிடித்த சைக்கிள் வைத்திருந்தவர்கூட ஊரில் வசதிக்காரராகத் தெரிந்தார். சித்தாண்டியில், பிரதான வீதியோரம், தகரம் போட்ட ஒற்றை அறைதான் அக்காவின் கடை. ஜப்பானிலிருந்து பழைய சைக்கிள்கள் கொள்கலனில் கொழும்புக்கு வந்து இறங்கும். அங்கே போய்ப் பொறுக்கி எடுத்து, லொறியில் ஏற்றி வந்து, கழுவி எண்ணெய் விட்டு விற்பார். அதிலும் கிரவல் சைக்கிள் என்றால் அவருக்குத் தனிக் கவனம். ஹாண்டில் ரேஸ் சைக்கிள் போலக் கீழே வளைந்திருக்கும். ஆனால் ரயர் அகலம், பிரேம் உறுதி, கியரும் உண்டு. எங்கள் பக்கம் பிரதான வீதியை விட்டு இறங்கினால் எல்லாம் கிரவல்தான். கல்லும் மணலும் கிடங்கும் கலந்த அந்த வீதியில் சாதாரணச் சைக்கிள் ஒரு மழைக்காலம் தாங்காது.

ஒருநாள் பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். மருமகனுக்குச் சீதனத்தோடு சேர்த்துக் கொடுக்கவேண்டுமாம். கறுப்பு நிறத்தில் ஒன்றைக் காட்டி, அதையே கட்டச் சொன்னார்.

“ஆளைக் கொண்டு வாங்க, சேர்.”

“அவன் என்ட உயரம்தான். என்ன வெச்சி அளங்களன்.”

“உயரம் ஒண்டெண்டாக் காலும் ஒண்டா? சில பேருக்கு உடம்பு நீளம், கால் கட்டை. அவருக்கு எப்பிடியெண்டு எனக்குத் தெரியாதே.”

“காசு தாறன் எண்டுறன், நீ கால் கதை கதைக்கிற.”

அக்கா சைக்கிளைத் துடைத்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். அந்த மனிதர் வாசலில் நின்று நாலு சொல் ஏசிவிட்டுப் போனார். அன்று முழுக்கக் கடையில் வேறு விற்பனை இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் அங்கேதான் இருந்தேன்.

நான் மருத்துவமாது. ஊரில் ‘மிஸ்ஸி’ என்பார்கள். சித்தாண்டிக்கு மேற்கே, வயல் வட்டைகளைத் தாண்டி உள்ளே இருக்கும் குடியிருப்புகள் என்னுடைய பொறுப்பு. கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கவேண்டும். ஸ்கூட்டிக்குப் பெற்றோல் இல்லாமல்போக, என் பழைய லேடிஸ் சைக்கிளில் போய்வந்தேன். அதன் றிம் இரண்டு தரம் வளைந்தது. இரண்டாம் தரம் அதை உருட்டிக்கொண்டு போனபோதுதான் அக்காவைத் தெரியவந்தது. சைக்கிளைப் பார்க்க முன்னர் அவர் என் காலைப் பார்த்தார்.

“வலப்பக்கத் தோள்லதான் பை போடுறீங்க, என்ன? இடக்கால் உளைஞ்சிரிக்குமே.”

உளைந்துகொண்டுதான் இருந்தது. நான் யாருக்கும் சொன்னதில்லை.

அவர் அளக்கும் விதத்தைப் பற்றி ஊரில் கேலியும் இருந்தது, அதைவிட மோசமான பேச்சும் இருந்தது. சைக்கிள் வாங்க வருபவர் செருப்பைக் கழற்றிச் சுவரில் முதுகு ஒட்டி நிற்கவேண்டும். கட்டி அட்டை போட்ட பழைய அகராதி ஒன்றைக் கையில் கொடுப்பார். அதைக் கவட்டுக்குள் வைத்து, சீட்டில் இருப்பதுபோல மேலே இறுக்கிப் பிடிக்கவேண்டும். பெண்கள் என்றால் அக்காவே பிடிப்பார். ஆண்கள் என்றால் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மற்றப் பக்கம் கிறுகி நின்றுகொள்வார். அட்டையின் மேல்விளிம்பு சுவரில் முட்டும் இடத்தில் பென்சிலால் கோடு. பிறகு நிலத்திலிருந்து கோடுவரை நாடாவால் அளந்து சொல்வார். எழுபத்தொன்று. எண்பத்திரண்டு. ‘ஆம்பிளைகள்ட கால் அளக்கிறவள்’ என்று சந்தையில் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் போனது. “அளக்கத்தானே செய்யிறன்” என்றார், அவ்வளவுதான்.

அளவு எடுத்த பிறகும் விடமாட்டார். சைக்கிளின் நடுக் கம்பியான பாருக்கு மேலால் காலைப் போட்டு நிற்கச் சொல்வார். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் இருக்கவேண்டும். பாருக்கும் உடம்புக்கும் நடுவே தன் விரல்களைக் காற்றில் வைத்துக் கணக்குப் பார்ப்பார்.

“தார் ரோட்டெண்டா ரெண்டு விரல் இடைவெளி போதும். கிரவலுக்கு நாலு விரல் வேணும். கிரவல்ல எந்த இடத்தில திடீரெண்டு குதிக்க வேண்டிவருமெண்டு சொல்ல ஏலா.”

பிறகு ஏறி இருக்கவேண்டும். கை ஹாண்டிலை எட்டிப் பிடிக்கிறதா, முழங்கை கொஞ்சம் மடிந்து நிற்கிறதா, விரல் பிறேக்கில் தானாகப் போய் விழுகிறதா என்று பார்ப்பார். உடம்பை முன்னால் இழுத்து எட்டிப் பிடிக்கிறவருக்கு அந்தச் சைக்கிள் இல்லை. நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும் இல்லை.

ஒரு விசயத்தை நான் போகப் போகத்தான் கவனித்தேன். “வசதியா இரிக்கா?” என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். யுத்தம் முடிந்த பிறகு அவர் பல வருடம் செயற்கைக் கால் செய்யும் இடமொன்றில் அளவெடுக்கும் வேலை பார்த்தவர். அங்கே பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி புதுக் கால் பூட்டி, எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டு நடந்து காட்டினாளாம். அக்கா, “நோகுதா?” என்று கேட்டார். “இல்லக்கா, நல்லாரிக்கு” என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு காயம் அழுகி, முழங்காலுக்கு மேலால் வெட்டவேண்டி வந்தது.

“கேட்டா எல்லாரும் நல்லாரிக்கெண்டுதான் சொல்லுவாங்க, புள்ள. அவங்களுக்கு நம்மட மனசு நோகப்படாது. அதால நான் கேக்கிறல்ல. பாக்கிறன்.”

பார்த்ததைச் சொல்லாமல் இருக்கவும் அவரால் ஏலாது. எங்கள் தெருவில் ஒரு செத்தவீடு நடந்தது. உயரமான மனிதர், நோயில் கிடந்து இறந்தவர். பெட்டி வந்து இறங்கியதும் பெண்கள் மார்பில் அடித்துக் கதறிக்கொண்டிருந்தார்கள். அக்கா பெட்டியைப் பார்த்தார், பாயில் கிடந்தவரைப் பார்த்தார். “பெட்டி நீளம் ரெண்டு இஞ்சி காணாது” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அழுகை நின்றுபோனது. செத்தவரின் தமையன், “சாவீட்டுக்கும் நாடா கொண்டுவந்தியா?” என்று கத்தினார். அக்கா வெளியே வந்து வேலியோரம் நின்றார். உள்ளே முழங்காலை மடித்துத்தான் அவரை வைக்க முடிந்தது. அதை எல்லாரும் பார்த்தோம். அந்த வீட்டார் பிறகு அக்காவோடு கதைக்கவேயில்லை. எனக்கும் அன்று அவர்மீது ஒரு வெறுப்பு வந்தது உண்மை. தெரிந்தால்தான் என்ன, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அப்படிப்பட்டவரைத்தான் நான் ஒரு பொய் சொல்ல வைத்தேன்.

என் கணவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஓட்டுபவர். டீசல் இல்லாமல் வான் மூன்று மாதமாக முற்றத்தில் நின்றது. காலையில் அதைத் துடைப்பார். பிறகு கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் இருப்பார். பத்து மணி, பதினொரு மணி வரைக்கும் அப்படியே இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால்தான் இறங்குவார். வீட்டில் என் சம்பளம் மட்டும். கதைப்பது குறைந்துபோனது. சிரிப்பதை விட்டுவிட்டார்.

ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது முற்றத்தில் கரும்பச்சைக் கிரவல் சைக்கிள் ஒன்று நின்றது. வானில் பூட்டியிருந்த பாட்டுப் பெட்டியையும் ஸ்பீக்கரையும் விற்று, வாழைச்சேனையில் யாரிடமோ வாங்கியிருக்கிறார். மணி பூட்டியிருந்தார். என் பை வைக்கப் பின்னால் ஒரு கரியரும் வைத்துக் கட்டியிருந்தார்.

“இனி றிம் வளையாது” என்றார். “ஏறிப் பாருங்க, மிஸ்ஸி.” என்னை அவர் மிஸ்ஸி என்று பகிடியாகக் கூப்பிட்டுப் பல மாதமாகியிருந்தது.

பாருக்கு மேலால் காலைப் போட்டேன். விரல் நுனிதான் நிலத்தில் முட்டியது. ஏறி இருந்தால் ஹாண்டில் எங்கேயோ தூரத்தில். பிறேக்கைப் பிடிக்க உடம்பை முன்னால் இழுக்கவேண்டியிருந்தது. பிரேமில் ‘52’ என்று அடித்திருந்தது. அக்கா என் காலை அளந்து, எனக்கு ஏற்ற பிரேம் அளவைச் சொல்லியிருந்தார். நாற்பத்தெட்டு.

“எப்பிடி?”

“நல்லாரிக்கு” என்றேன்.

“நாளைக்கு அக்காட்டக் கொண்டுபோய்க் காட்டுவம். அவ சரியெண்டா ஊரே சரியெண்டு சொல்லும்.”

அடுத்தநாள் வெள்ளனவே, அவர் குளிக்கப்போன நேரம் பார்த்து, நான் கடைக்கு ஓடினேன். அக்கா கதவைத் திறந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைச் சுளிக்காமல் கேட்டார்.

“அளவில்லாத சைக்கிள அளவெண்டு சொல்லச் சொல்லுறீங்க.”

“ஒரு தரம்தான், அக்கா. மூணு மாசத்துக்குப் பிறகு அவரு நேத்துத்தான் சிரிச்சவரு.”

“விழுவீங்க, புள்ள.”

“நான் கவனமா ஓடுவன். இந்தச் சைக்கிளும் சரியில்லையெண்டாத் தாங்கமாட்டாரு. எனக்காகச் சொல்லுங்க.”

அக்கா கதவுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பத்து மணிக்கு நாங்கள் இருவரும் போனோம். என் கணவர் முகம் வழித்து, கோயிலுக்கு உடுக்கும் சேட்டைப் போட்டிருந்தார். சைக்கிளைத் தானே உருட்டிவந்தார். அக்கா என்னை ஏறச் சொன்னார். நிலத்தில் முட்டாமல் நின்ற என் குதிக்காலைப் பார்த்தார். பிறகு என் கணவரின் முகத்தைப் பார்த்தார்.

“சரியாத்தான் இரிக்கு, தம்பி. நல்ல சைக்கிள்.”

சொன்னதும் திரும்பி, ஸ்பானர் பெட்டிக்குள் எதையோ தேடத் தொடங்கினார். சீட்டை அடிவரைக்கும் இறக்கினார். ஹாண்டிலைத் தாங்கும் நீளத் துண்டைக் கழற்றிக் கட்டையான ஒன்றைப் பூட்டினார். பிறேக் பிடியை உள்ளே தள்ளி முறுக்கினார். செய்யக்கூடியது அவ்வளவுதான். பிரேமைச் சிறிதாக்க எவராலும் ஏலாது. என் கணவர் வெளியே போய் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா என் காதோடு சொன்னார்: “நிப்பாட்டக்குள்ள இடப்பக்கம் சரிச்சிட்டுத்தான் கால் ஊண்டணும். ஒரு மாசம் சமாளிங்க. நான் நாப்பத்தெட்டில ஒண்டு தேடி எடுக்கிறன்.”

மூன்றாம் கிழமையே எடுத்துவிட்டார். ஆளனுப்பிச் சொன்னார். நான் போகவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் என் கணவர் அந்தப் பச்சைச் சைக்கிளின் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டார். அதைப் பார்த்துக்கொண்டு, அடுத்த கிழமை சொல்வோம், அடுத்த கிழமை சொல்வோம் என்று இருந்தேன். சைக்கிளும் எனக்குக் கொஞ்சம் பழகியிருந்தது. அதுதான் ஆபத்து என்று அப்போது தெரியவில்லை.

ஒருநாள் பகல் இரண்டு மணி இருக்கும். உள்ளே, வட்டைக்கு அப்பால் இருக்கும் குடியிருப்பிலிருந்து போன் வந்தது. என்னிடம் பதிந்திருந்த பெண், இரண்டாவது பிள்ளை. நாள் இருக்கவே வலி தொடங்கிவிட்டது. அம்புலன்ஸ் வேறு பக்கம் போயிருந்தது. பக்கத்து வீட்டில் உழவு இயந்திரம் ஒன்று கொஞ்ச டீசலோடு இருந்தது. அந்தப் பெண்ணின் புருசன், “ஏத்தவா மிஸ்ஸி, நீங்க வாறீங்களா?” என்று கேட்டார். தலை தெரிகிறது என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது.

“ஏத்தாதீங்க, வழியில பிறந்திரும். இருபத்தைஞ்சு நிமிசத்தில நான் வாறன்” என்றேன்.

வாய்க்கால் கட்டு வழியே சைக்கிளில் ஓடினேன். பாதி தூரத்தில் ஒரு மதகு. அதன் விளிம்பு உடைந்து கிடந்தது. வாய்க்காலுக்குள்ளிருந்து மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீதிக்கு ஏறின. பிறேக் பிடித்தேன். பின் சில்லு கல்லில் வழுக்கியது. இடப்பக்கம் சரிக்க நேரமில்லை. சைக்கிள் வலப்பக்கம் போனது. காலை நீட்டினேன், காலுக்குக் கீழே நிலம் இல்லை. பார் தொடையில் இடிக்க, சைக்கிளோடு மதகின் கல்லில் போய் விழுந்தேன்.

எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. எழும்பியபோது வலக்கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. முன் சில்லு சுற்றவில்லை. போன் தண்ணீருக்குள் போய்விட்டது. பையை இடக்கையால் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஓடியும் பார்த்தேன்.

நான் போய்ச் சேர ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது. பிள்ளை பிறந்திருந்தது. ஆண் பிள்ளை, அழுதுகொண்டிருந்தது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்து நிலத்தில் ஊறியிருந்தது. மிஸ்ஸி ஏற்றவேண்டாம் என்றார், மிஸ்ஸி வருகிறேன் என்றார் என்று அவர்கள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றைக் கையால் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே உழவு இயந்திரத்தில் ஏற்றினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, “வந்திட்டீங்களா, மிஸ்ஸி” என்றாள். பிரதான வீதிக்கு வரமுன்னரே போய்விட்டாள்.

விசாரணைக்கு அறிக்கை எழுதினேன். இடக்கையால் எழுதிய கோணல் எழுத்து. தாமதத்துக்குக் காரணம்: வீதி பழுதடைந்திருந்தமை, கால்நடைகள் குறுக்கே வந்தமை. இரண்டும் உண்மை. சைக்கிளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. என் கணவர் முன் சில்லை மாற்றிச் சைக்கிளை நேராக்கி முற்றத்தில் நிறுத்தியிருந்தார். “விதி, புள்ள. நீ என்ன செய்வாய்?” என்று என் தலையைத் தடவினார்.

கேள்விப்பட்டு அக்கா வந்தார். என் கணவர் வீட்டில் இல்லை. அக்கா என் கையைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தார். எந்த இடத்தில் விழுந்தேன், எந்தப் பக்கம் விழுந்தேன் என்று கேட்டார். சொன்னேன். மதகுக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் திரும்பி வந்தார்.

“வலக்கால் எட்டல்ல.”

“ஓம்.”

“நாப்பத்தெட்டெண்டா ஊண்டியிருப்பீங்க.” சைக்கிளின் பாரில் கையை வைத்தார். “அந்த வீட்ட போகணும், புள்ள.”

“வேணாம், அக்கா. போய்ச் சொல்லி என்ன வரப்போகுது? அவள் வருவாளா? என்ட வேலையும் போகும். அவரு... அவரு இந்தச் சைக்கிள எப்பிடிப் பாப்பாரு?”

“உங்களப் பத்தி ஒண்டும் சொல்லமாட்டன். நான் செஞ்சதத்தான் சொல்லுவன்.”

முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை பொறுத்தார். பிறகு போனார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். அந்த மனிதர் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். மாமியார் குழந்தையை மடியில் வைத்துப் போத்தலில் பால் பருக்கினார். எங்களுக்குக் கதிரை போட்டார்கள். அக்கா இருக்கவில்லை.

“தம்பி, அண்டைக்கு மிஸ்ஸி வந்த சைக்கிள் அவவுக்கு அளவில்ல. பெரிசு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு சரியெண்டு சொன்னது நான்தான். அதாலதான் விழுந்தவ.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அக்கா அதே சொற்களை அதே ஒழுங்கில் திரும்பச் சொன்னார்.

“அளவான சைக்கிளெண்டா அவள் தப்பியிருப்பாளா?”

“அது தெரியா, தம்பி. மிஸ்ஸி விழுந்திருக்கமாட்டா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அந்த மனிதர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். கோபப்படுவார், அடிக்க வருவார் என்று நான் பயந்தேன். அவர் அழத் தொடங்கினார்.

“ஏன் வந்து சொன்னீங்க? விதியெண்டு நினைச்சி இப்பதான் ரெண்டு நாளா நித்திர வந்த. இனி நான் எதை நினைச்சிப் படுக்கிற?”

மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் மதகு வழியாகவே திரும்பி வந்தோம்.

அக்கா என் பெயரை இழுக்கவில்லை. ஆனாலும் ஊர்ப் பேச்சு என்று ஒன்று இருக்கிறதே. சந்தையில் யாரோ என் கணவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து, என்னை அந்தப் பச்சைச் சைக்கிளுக்கு மேலால் காலைப் போட்டு நிற்கச் சொன்னார். நின்றேன். குனிந்து என் குதிக்காலுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார். உள்ளங்கை முழுதும் போனது.

“ஏன் என்னட்டச் சொல்லல்ல?”

“உங்களுக்குக் கவலையாப் போகுமெண்டு...”

“நீ என்ன அவ்வளவு சின்னவனெண்டா நினைச்ச?”

அவர் சைக்கிளை அன்றே கழற்றி, துண்டு துண்டாகப் பழைய இரும்புக்குக் கொடுத்தார். பிறகு டீசல் வந்தது, வான் ஓடியது, எல்லாம் பழையபடி. ஆனால் கறிக்கு உப்புச் சரியா என்று நான் கேட்டால் இன்றைக்கும் அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்.

நான் அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், சைக்கிள் விசயத்தையும் சேர்த்து. மேலதிகாரி வாசித்தார். “இப்ப இத எழுதி என்ன செய்ய?” என்று கோப்புக்குள் வைத்தார். தண்டனை வரும் என்று பல மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அக்காவின் கடைக்குச் சனம் குறைந்தது. சாவு விற்கிற கடை என்று ஒருவர் சொன்னாராம். அவரும் கொழும்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். இருந்த ஏழெட்டுச் சைக்கிளையும் துடைத்துத் துடைத்து வைத்தார். ஒரு வருடத்துக்குள் கடையைப் பூட்டிவிட்டு, பிறந்த ஊரான வாகரைக்குத் தங்கச்சியிடம் போனார். அங்கேதான் நெஞ்சுவலியில் இறந்தார். செய்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது, போக முடியவில்லை. எனக்கு அக்கா என்றால், கடை பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னர் நடந்த ஒரு பின்னேரம்தான் நினைவுக்கு வரும்.

அன்று அவருக்குப் பிரஷர் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அந்த மனிதர், செத்துப்போனவளின் புருசன். மெலிந்திருந்தார். அக்கா எழும்பி நின்றார்.

“சைக்கிள் ஒண்டு வேணும்” என்றார்.

“நான் இப்ப விக்கிறல்ல, தம்பி. செங்கலடிக் கடைகளுக்குப் போங்க.”

“போனன். ஏறி இருக்க முன்னமே எல்லாம் அளவுதான், நல்லாரிக்கெண்டு சொல்றாங்க.” வீதியைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நான் உங்கள மன்னிக்க வரல்ல. அது என்னால ஏலா. புள்ளய நெஞ்சில கட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வரணும், ஊசிக்கு வரணும். விழாத சைக்கிள் எதெண்டு உங்களுக்குத்தான் தெரியும்.”

அக்கா அகராதியை எடுத்துக் கொடுத்தார். மற்றப் பக்கம் கிறுகி நின்றார். கோடு போட்டார். திரும்ப அளந்தார். மூன்று தரம் அளந்தார். ஓரத்தில் நின்ற ஒன்றை எடுத்து வந்தார். “ஏறுங்க. இறங்குங்க. திரும்ப ஏறுங்க. பிறேக் பிடிச்சிக்கொண்டு இறங்குங்க.” அந்த மனிதர் அவர் சொன்னபடியெல்லாம் செய்தார். அக்கா ஒரு சாரத் துணியை மடித்து நெஞ்சில் கட்டச் சொல்லி, குழந்தை இருக்கும் இடத்தை விட்டுக் கை எப்படிப் போகிறது என்று பார்த்தார். ஹாண்டிலை ஒரு விரலளவு உயர்த்தினார். அந்த மனிதர் விலையைக் கேட்டுக் கொடுத்தார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. வீதிக்கு இறக்கி, ஏறி ஓடத் தொடங்கினார்.

அக்காவின் கையில் நாடா சுருண்டபடி இருந்தது.

“சரியா இருந்ததா, புள்ள?”

“சரியா இருந்தது, அக்கா.”

உண்மையில் சரியாகத்தான் இருந்தது. இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். நான் இன்னொரு தரம் சொன்னேன். அவருக்கு என் சொல் போதவில்லை. நாடாவைப் போட்டுவிட்டு, செருப்பில்லாமல், கொதித்துக்கொண்டிருந்த தார் வீதிக்கு ஓடினார். கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, தூரத்தில் ஏறி இறங்கிய அந்த மனிதரின் முழங்கால்களைப் பார்த்தபடி நின்றார். ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு அவரைச் சுற்றிப் போனது.

பிரதான வீதியை விட்டுக் கிரவலுக்கு இறங்கும் இடத்தில் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. அந்த மனிதர் பிறேக் பிடித்தார். இரண்டு காலையும் ஊன்றி நின்றார். நாய் போகும்வரை நின்றுவிட்டு, மறுபடி ஏறிப் போனார்.

அதற்குப் பிறகுதான் அக்கா உள்ளே வந்தார். உள்ளங்கால் இரண்டும் சிவந்து வெந்திருந்தன. நான் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். நோகுதா என்று கேட்கவில்லை.